கடலைக் காட்டுவார்கள், பத்திரத்தைக் காட்ட மாட்டார்கள்: கோல்ட் கோஸ்ட் கோபுர வீடுகள் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில், ஹோட்டல், கடைகள், உணவகங்கள், குடியிருப்பு எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் அடங்கிய உயரக் கோபுரங்களில், கட்டி முடிப்பதற்கு முன்பே வரைபடத்தைக் காட்டி வீடு விற்கிறார்கள். உங்களையும் யாராவது அப்படி அணுகியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கிய கோபுரத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்றிருக்கிறார். சொன்னாலும் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனியாக ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, வீடுகளை விற்று முடித்ததும் அதை மூடிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். உங்களிடம் வருகிறவர் வேறு பெயரில் வருவார். நீட்டும் காகிதம் மட்டும் இதே காகிதமாக இருக்கும்.

எனக்கு விற்றவர் நம்மவர். மெல்போர்னில் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் அறிமுகமாகி, "அண்ணா, அண்ணா" என்று பேசிப் பழகி, முதலீட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைத்தார். 2014 முதல் டிராம் ஓடுகிறது, 2018-இல் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன, 2032-இல் பிரிஸ்பேனுக்கு ஒலிம்பிக் வருகிறது என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். அடுத்து, ஒரு வார இறுதிக்கு விமான டிக்கெட்டும் தங்கும் அறையும் இலவசம் என்றார். விமான நிலையத்தில் கார் காத்திருந்தது. காலை உணவிலிருந்து இரவு உணவு வரை யாராவது ஒருவர் எங்கள் கூடவே இருந்தார். விருந்தோம்பல் என்று நினைத்துக்கொள்ளும்படிதான் எல்லாம் அமைந்திருந்தது. உள்ளூர்த் தரகர் ஒருவரிடம் நாங்கள் தனியாக ஐந்து நிமிடம் பேசிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இந்த வித்தைக்கு அந்த ஊரில் ஒரு வரலாறே இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சிட்னி, மெல்போர்ன் ஆட்களை இதேபோல விமானத்தில் அழைத்துவந்து, வெளியாரிடம் பேசவிடாமல் சுற்றிக்காட்டி, உள்ளூர் விலையைவிட மிக உயர்ந்த விலைக்கு விற்றார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஒரு விலை, வெளியூர்க்காரனுக்கு ஒரு விலை. ஏமாந்தவர்கள் எழுப்பிய கூச்சலுக்குப் பிறகுதான், கோல்ட் கோஸ்ட் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் அரசு 2000-ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு ஐந்து வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்ற 'கூலிங் ஆஃப்' உரிமை அந்தச் சட்டத்தில் வந்தது. 2014-இல் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. விலகினால் விற்பவர் விலையில் 0.25 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த உரிமையை வாங்குபவரே எழுத்து மூலம் விட்டுக்கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. எங்கள் முன்னால் வைத்த காகிதக் கட்டில், மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டிய பக்கங்களுக்கு நடுவில், அந்த விட்டுக்கொடுக்கும் கடிதமும் இருந்தது. "இந்த மாடியை உங்களுக்காகப் பிடித்து வைக்க இது தேவை" என்றார்கள். எந்த மாடியையும் பிடித்து வைக்க அது தேவையில்லை. அந்தத் தாளை நீட்டுகிறவரிடம் அந்த நிமிடமே பேச்சை முறித்துக்கொள்ளலாம்.

விற்பனை அறையின் நடுவில் ஒரு மேசை. கண்ணாடிப் பெட்டிக்குள் கோபுரத்தின் மாதிரி. ஒவ்வொரு மாடியிலும் குட்டி விளக்குகள் எரிந்தன. ஏழாவது மாடித் தளத்தில் நீல ரெசினில் நீச்சல் குளம், அதன் கரையில் விரல் நகம் அளவுக்குச் சாய்வு நாற்காலிகள். கோபுரத்துக்கு வடக்கே பச்சைக் கம்பளம் விரித்து, குட்டித் தென்னை மரங்கள் நட்டிருந்தார்கள். பக்கத்தில் 'மாதிரி வீடு'. அதில் உள் அறைகளுக்குக் கதவுகளே இல்லை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டில் வழக்கமான நீளத்தைவிடக் குட்டை என்பதை என் மனைவிதான் படுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். விற்பனைப் பெண் சிரித்து மழுப்பினார். விலைப்பட்டியலில் இருந்த சதுர மீட்டர் கணக்கில் பால்கனியும் சேர்த்தி.

இவையெல்லாம் எந்த ஊரிலும் நடக்கிற சில்லறை ஏமாற்று. நான் எழுத வந்த விஷயம் வேறு.

குடியிருப்பு மட்டும் உள்ள கட்டடத்தில் வீடு வாங்கினால், வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த சங்கம் ஒன்று தானாக உருவாகிறது. அங்கே அதை பாடி கார்ப்பரேட் என்கிறார்கள். லாபி, லிஃப்ட், குளம் எல்லாம் அதன் பொதுச்சொத்து. சண்டை வந்தால் தீர்த்து வைக்க அரசின் ஆணையர் அலுவலகம் இருக்கிறது. கலப்புப் பயன்பாட்டுக் கோபுரத்தில் கதை அப்படியல்ல. அங்கே கட்டடத்தையே வான்வெளியில் கனசதுரக் கனசதுரமாக வெட்டி, ஹோட்டலுக்கு ஒரு துண்டு, கடைகளுக்கு ஒரு துண்டு, கார் நிறுத்தத்துக்கு ஒரு துண்டு, குடியிருப்புக்கு ஒரு துண்டு என்று தனித்தனிப் பட்டாவாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று எப்படி வாழ வேண்டும், யார் எதைப் பயன்படுத்தலாம், எந்தச் செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு. பெயர் 'பில்டிங் மேனேஜ்மென்ட் ஸ்டேட்மென்ட்'. 1994-ஆம் ஆண்டு நிலப் பட்டாச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. எழுதுபவர் கட்டுநர். எழுதும்போது எல்லாத் துண்டுகளும் அவர் கையில்தான் இருக்கும். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. பிறகு அதைத் திருத்த வேண்டுமானால் எல்லாத் துண்டுகளின் உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஹோட்டல்காரர் தனக்குச் சாதகமான ஆவணத்தைத் திருத்த ஏன் கையெழுத்துப் போடப்போகிறார்? பங்குக் கிணற்றில் மோட்டார் எவனுடையதோ அவன் வைத்ததுதான் முறை.

இந்த ஆவணம் தொடர்பான தகராறு ஆணையர் அலுவலகத்தின் வரம்புக்குள் வராது என்பதை அங்கே தொலைபேசியில் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன். எங்கே போவது என்றால், அந்த ஆவணமே சொல்கிற வழியில் போக வேண்டும். எங்கள் ஆவணம் சொன்ன வழி, இரு தரப்பும் பணம் கொடுத்து அமர்த்தும் நடுவர்.

கைக்குச் சாவி வந்த பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமாக மின்னிய அந்தக் குளம் எங்களுடையது இல்லை. ஹோட்டல் துண்டுக்குள் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடமும் அப்படியே. பளிங்குத் தரை போட்ட லாபியும் அப்படியே. குடியிருப்போருக்கு அவற்றைப் பயன்படுத்த 'அனுமதி' மட்டும் உண்டு. அதற்கு மாதக் கட்டணம் உண்டு, விடுமுறைக் காலத்தில் ஹோட்டல் நிர்வாகம் நேரத்தைக் குறைக்கலாம் என்ற வரியும் உண்டு. நவம்பர் இறுதியில் பள்ளி முடித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொண்டாட வந்து சர்ஃபர்ஸ் பாரடைஸை நிறைக்கும் வாரங்களிலும், ஜனவரி விடுமுறையிலும், குளத்தின் வாசலில் எங்கள் அட்டை வேலை செய்யவில்லை. ஆனால் லாபியின் பளிங்கைத் துடைக்கிற செலவிலும், ஹோட்டல் வாசலில் கார் வந்து நிற்கிற வளைவுப் பாதையின் பராமரிப்பிலும், ஏசிக்கான குளிர்விப்பு எந்திரங்களின் மின்கட்டணத்திலும் குடியிருப்பின் பங்கு பாதிக்கும் மேல். உணவகங்கள் நாள் முழுக்கக் குளிர்ந்த நீரை இழுக்கின்றன. தனி மீட்டர் கிடையாது. பரப்பளவை வைத்துப் பங்கு போட்டிருக்கிறார்கள். பரப்பளவில் குடியிருப்புதான் பெரியது அல்லவா!

பராமரிப்புக் கட்டணம் வாரத்துக்கு ஏறத்தாழ 110 டாலர் என்று விற்பனையின்போது கொடுத்த அறிக்கையில் இருந்தது. மதிப்பீடுதான் என்று கீழே சிறிய எழுத்தில். முதல் ஆண்டு அப்படியே ஓடியது. இரண்டாம் ஆண்டில் 200 டாலரைத் தாண்டியது. கட்டுநர் முதல் ஆண்டுக்குக் குறைத்துக் காட்டிய இனங்கள் எல்லாம் முழு உருவம் எடுத்தன. காப்பீட்டுத் தவணை, லிஃப்ட் ஒப்பந்தம், உப்புக்காற்றில் அரிக்கும் பால்கனிக் கைப்பிடிகள், வெளிச்சுவர்க் கண்ணாடி. இவ்வளவு உயரத்தில், கடலை ஒட்டி நிற்கிற கட்டடத்துக்கு வெளிப்புறப் பராமரிப்பு எவ்வளவு விழுங்கும் என்று கட்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெரும் பழுதுகளுக்கான சிங்கிங் ஃபண்டுக்கு, நடப்பு ஆண்டையும் அடுத்த ஒன்பது ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் கோபுரத்தின் முதல் கணக்கில் அந்த இனம் பார்ப்பதற்கே பரிதாபமாக இருந்தது.

வாடகை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுக்கு ஆறு சதவீத வாடகை உத்தரவாதம் என்றார்கள். உத்தரவாதம் கொடுத்தது கட்டுநர் கம்பெனி அல்ல. கையில் எந்தச் சொத்தும் இல்லாத இன்னொரு கம்பெனி. இரண்டாம் ஆண்டின் நடுவில் அது பணம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதுவரை கொடுத்த பணமும் எங்கள் பணம்தான் என்பதை, பக்கத்து வீட்டை உள்ளூர்க்காரர் ஒருவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று பட்டாப் பதிவில் பார்த்தபோது புரிந்துகொண்டேன். உத்தரவாதத் தொகையை முதலிலேயே விலையில் ஏற்றி வாங்கிவிட்டு, தவணை தவணையாக நமக்கே திருப்பித் தருகிறார்கள். 'பர்னிச்சர் பேக்கேஜ்' கதையும் இதுவே. அதைப் பற்றி எழுதினால் இரத்தக் கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

உத்தரவாதம் நின்ற பிறகு ஹோட்டல் நிர்வாகம் மாதா மாதம் அனுப்புகிற கணக்குத் தாள் ஒன்றைச் சொல்கிறேன். மேலே மொத்த வரவு, கண்ணுக்குக் குளிர்ச்சியான எண். அதற்குக் கீழே நிர்வாகக் கமிஷன், இணைய முன்பதிவுத் தளங்களுக்கான கமிஷன், கடன் அட்டைக் கட்டணம், ஒவ்வொரு விருந்தினர் மாறும்போதும் துப்புரவு, படுக்கை விரிப்புச் சலவை, சோப்பு ஷாம்பு, தொலைக்காட்சிச் சந்தா, விளம்பர நிதி, பல்பு மாற்றிய கூலி. அந்தப் பல்பு மாற்றிய கூலியில் நான் வீட்டில் ஒரு அறைக்கே விளக்கு வாங்கிப் போடுவேன். எல்லாம் போக மிஞ்சியது பராமரிப்புக் கட்டணத்துக்கே போதவில்லை. என் சொந்த வீட்டில் நானே தங்கினாலும் துப்புரவுக் கட்டணம் உண்டு. ஜனவரியில் தங்கவே முடியாது.

சட்டப்படி, கட்டடத்துக்குள் இருக்கும் வாடகை முகவரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே ஒருவரை நியமிக்கலாம். நியமித்தோம். என்ன ஆயிற்று? லாபி ஹோட்டலுக்குச் சொந்தம் என்பதால், வெளி முகவர் அங்கே சாவிப் பெட்டி வைக்க அனுமதி இல்லை என்றார்கள். விருந்தினர் சாவி வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அட்டையில் லிஃப்ட் ஏறும் அனுமதியைப் பதிவு செய்து தரச் சில நாட்கள் பிடிக்கும் என்றார்கள். ஒரு குடும்பம் இரவு பத்து மணிக்குப் பெட்டி படுக்கையோடு நின்றதற்குப் பிறகு அந்த முகவரும் கைகழுவிவிட்டார். யாரும் எதையும் தடுக்கவில்லை. ஆவணத்தில் உள்ளபடி நடந்துகொண்டார்கள், அவ்வளவே.

கட்டடத்துக்குள் இருக்கும் அந்த முகவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வீடுகளும் கட்டுநர் கையில் இருக்கும்போதே, குடியிருப்புத் துண்டுக்கான பாடி கார்ப்பரேட்டின் பெயரில் அவரே பராமரிப்பு ஒப்பந்தமும் வாடகை முகவர் உரிமையும் எழுதிவிடுகிறார். சுற்றுலாத் தங்கல் வகைக் கட்டடங்களுக்கு அது 25 ஆண்டு வரை போகலாம். அந்த உரிமையைக் கட்டுநர் வேறொருவருக்குப் பெரிய தொகைக்கு விற்றுவிடுவார். கோல்ட் கோஸ்ட்டில் இது தனி வியாபாரம். வாங்கவும் விற்கவும் தரகர்கள், கடன் கொடுக்க வங்கிகள் எல்லாம் உண்டு. கொடுத்த தொகையை மீட்பதற்காக அந்த உரிமையை வாங்கியவர் வசூலிப்பது நம்மிடமிருந்து.

இனி அந்தப் பச்சைக் கம்பளம். எங்கள் வீடு வடகிழக்கு மூலை. கடற்கரை கிழக்கே, தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால், குளிர்காலத்தில் வெயில் கிடைப்பதும் வடக்குப் பக்கம்தான். அதற்காகவே கூடுதல் விலை. கண்ணாடிப் பெட்டிக்குள் தென்னை மரம் நட்டிருந்த அந்த வடக்கு நிலம், ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்தில் 'இரண்டாம் கட்டம்' என்று ஒரு வெற்றுக் கட்டமாக இருக்கிறது. இப்போது அங்கே இரண்டாவது கோபுரத்துக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். வெயிலும் போகும், கடலும் பாதி போகும். காட்சிக்கு எந்த உறுதியும் இல்லை என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த நகரத்தில் இதில் அதிசயம் எதுவும் இல்லை. 78 மாடி, 322.5 மீட்டர் உயரக் க்யூ1 கோபுரம் 2005-இல் திறந்த நாளிலிருந்து, ஒன்றையொன்று எட்டிப் பார்த்தபடிதான் கோபுரங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. பிற்பகலில் கடற்கரை மணல் மீதே அவற்றின் நிழல் நீண்டு விழுகிறது. காலி நிலத்தை யாராவது 'திறந்தவெளி' என்று காட்டினால், அது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழர்களை இவர்கள் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. பழைய வீடுகளை வெளிநாட்டினர் வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை ஆஸ்திரேலிய அரசு தடை அறிவித்தது. தற்காலிக விசாவில் அங்கே இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். மீதம் உள்ளது புதுக் கட்டடம்தான். அதற்கும் வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், அதற்குக் கட்டணம் வேறு. குயின்ஸ்லாந்தில் வழக்கமான முத்திரை வரிக்கு மேல் வெளிநாட்டு வாங்குபவருக்குக் கூடுதல் வரி உண்டு. 7 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் 8 சதவீதம். நீங்கள் விற்க நினைக்கும் நாளில் உங்கள் வீடு 'பழைய வீடு' ஆகிவிடும். தடை இருக்கும் வரை உங்களைப் போன்ற இன்னொரு வெளிநாட்டவருக்கு விற்க முடியாது. உள்ளூர்க்காரருக்குத்தான் விற்க வேண்டும். உள்ளூர்க்காரர் அந்த விலையைப் பார்த்துச் சிரிப்பார். இந்தக் கணக்கை எந்தக் கருத்தரங்கிலும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

வங்கியும் சிரிக்கும். முன்பணம் கொடுத்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான் மீதித் தொகை கட்டும் நாள் வருகிறது. அன்று வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பு ஒப்பந்த விலையைவிடக் குறைவு. கடன் அந்த மதிப்பின் மேல்தான். வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் போகும். ஹோட்டல் வகை வீடுகளுக்கும், உள்பரப்பு மிகச் சிறியதாக இருக்கும் வீடுகளுக்கும் பல வங்கிகள் கடன் விகிதத்தையே குறைத்துவிடுகின்றன. இதைக் கையெழுத்துக்கு முன்பே வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கலாம். முன்பணம் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அது தனியாகப் பாதுகாத்து வைக்கும் டிரஸ்ட் கணக்கில்தான் இருக்க வேண்டும். கட்டுநரின் சொந்தக் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

எங்கள் ஒப்பந்தத்தைச் சரிபார்த்த வழக்கறிஞரையும் விற்றவர்களே "இலவசமாக" ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் தன் பாட்டுக்கு வேலையைச் சரியாகத்தான் செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதுதான் கேள்வி. இப்போது நாங்களே அமர்த்தியிருக்கும் வழக்கறிஞர் முதல் சந்திப்பில் கேட்டது ஒன்றே: தரகர் எழுத்தில் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? வாய்வார்த்தையை நம்பி வாங்கவில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், திசைதிருப்பும் விதத்தில் நடந்துகொண்டதற்கு ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பை அந்த வாசகத்தால் மட்டும் துடைத்துவிட முடியாதாம். "அண்ணா, குளமும் ஜிம்மும் வீட்டுக்காரர்களுக்கு முழுக்க இலவசம்தான்" என்று எனக்கு விற்ற அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என் மனைவியின் தொலைபேசியில் இருந்தது. என் தொலைபேசியில் இருந்ததை அந்தத் தம்பி அழித்துவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் கடிதம் போயிருக்கிறது. தரகர்கள் சொல்வதை எல்லாம் செய்தியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வந்த உடனே படம் பிடித்து வேறு இடத்தில் சேமியுங்கள்.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் கேட்க வேண்டிய தாள்கள் இவை: செலவுப் பங்கீட்டு அட்டவணையோடு பில்டிங் மேனேஜ்மென்ட் ஸ்டேட்மென்ட்டின் வரைவு; கால அளவோடு வாடகை முகவர் ஒப்பந்தம்; குளமும் லாபியும் எந்தத் துண்டில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடம். "அது இன்னும் தயாராகவில்லை" என்பார்கள். தயாரான பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே எழும்பி நிற்கும் கோபுரமாக இருந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பதிவான ஆவணத்தின் நகலை, பட்டாக்களைப் பதிவு செய்யும் டைட்டில்ஸ் குயின்ஸ்லாந்து அலுவலகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி வாங்கலாம். எங்கள் கோபுரத்தின் ஆவணத்தை நான் அப்படித்தான் வாங்கினேன். குளத்தைப் பற்றிய விதி நடுப்பக்கங்களில், கழிவுநீர்க் குழாய்களைப் பற்றிய பகுதிக்கு அடுத்து இருக்கிறது.